ஊரே களம்: பாரதக் கூத்து விழா நடக்கும் விதம்

காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் கோடை வந்தால் பாரதம் வந்துவிடும். அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புரளும் பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும், ஏதாவது ஓர் ஊரில் திரௌபதி அம்மன் கோயிலிலோ தர்மராஜா கோயிலிலோ கொடி ஏறியிருக்கும். பகலில் பிரசங்கியார் மகாபாரதம் சொல்வார். இரவில் அதே கதையைக் கூத்தாக ஆடுவார்கள். கடைசி நாள் காலையில் துரியோதனன் விழுவான். மாலையில் ஊர் தீ மிதிக்கும். சில ஊர்களில் 10 நாள், சில ஊர்களில் 18 அல்லது 20 நாள். எத்தனை நாள் என்றாலும் கதையின் வரிசை மாறாது.

நகரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இதில் தெருக்கூத்து மட்டும்தான் கண்ணில் படுகிறது. கிரீடம், முகப்பூச்சு, சலங்கை என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கூத்து இந்த விழாவின் ஒரு பாகம்தான். களம் அமைப்பது, காசு போடுவது, நடிகரோடு சேர்ந்து தெருவில் ஓடுவது, அழுவது, கடைசியில் கணக்குப் பார்ப்பது எல்லாம் ஊர். அந்தக் கணக்கு சரியாக இருக்கும் ஊரில் கூத்தும் நன்றாக இருக்கும். கணக்கு கெட்டால் எவ்வளவு பெரிய வாத்தியாரைக் கூட்டி வந்தாலும் மூன்றாம் நாளே களம் காலியாகிவிடும்.

காஞ்சிபுரத்துக்கு அருகில் கூரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. முதலாம் பரமேசுவரவர்மன் காலத்து, 7-ஆம் நூற்றாண்டுச் செப்பேடு அந்த ஊரின் பெயரால் அறியப்படுகிறது. அங்குள்ள கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு ஒதுக்கியதை அது சொல்கிறது. பாரதம் சொல்ல ஆள் வைத்து அவருக்கு வருமானமும் ஏற்பாடு செய்யும் வழக்கம் இந்த மண்ணில் சுமார் 1,300 ஆண்டுப் பழையது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. இன்றைய விழாவின் வடிவம் பிற்காலத்தது. பிரசங்கியாரின் கையில் இருப்பது பெரும்பாலும் வில்லிபுத்தூரார் பாரதம். வில்லிபுத்தூரார் விழுப்புரம், கடலூர் பக்கத்து நடுநாட்டுக்காரர். 10 பருவங்களில், 4,300-க்கு மேற்பட்ட பாடல்களில் அவர் கதையைப் போரோடு முடித்துவிடுகிறார். போருக்குப் பின்னால் வரும் நீண்ட அறவுரைகளுக்கோ, பாண்டவர்களின் கடைசிப் பயணத்துக்கோ அதில் இடமில்லை. விழாவும் அங்கேதான் முடிகிறது: துரியோதனன் விழும் படுகளம், தீமிதி, தர்மர் பட்டாபிஷேகம். வடமொழிப் பாரதத்தைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு அரவான் களபலி, அதாவது போருக்கு முன் அர்ச்சுனன் மகன் அரவானைப் பலியிடுவது, புதிதாக இருக்கும். தமிழில் அது பழைய செய்தி. 9-ஆம் நூற்றாண்டுப் பாரத வெண்பாவிலேயே அரவான் பலியாகிறான்.

ஏற்பாடு தை மாதமே தொடங்கிவிட வேண்டும். ஊர்க்கூட்டம் போட்டு முதலில் முடிவு செய்வது வரி. கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி விழும். அதற்கு மேல் உபயம். ஒருநாள் பூ அலங்காரத்தை ஒருவரும், ஒருநாள் அன்னதானத்தை இன்னொருவரும், ஓர் இரவுக் கூத்தை ஒரு தெருக்காரர்களும் ஏற்றுக்கொள்வார்கள். வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்களின் பங்கு இப்போது பெரிது. அவர்களுக்கு லீவு கிடைக்கும் நாளைப் பார்த்துத்தான் பல ஊர்களில் படுகளத்தை ஞாயிற்றுக்கிழமையில் வைக்கிறார்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக் கொடியேற்று நாளைக் குறிப்பார்கள்.

அடுத்தது ஜமா பேசுவது. கூத்துக் குழுவுக்கு ஜமா என்று பெயர். அதை நடத்துபவர் வாத்தியார். நடிகர், பின்பாட்டு, மத்தளம், டோலக், சிறு நாதசுரம் போன்ற முகவீணை, ஆர்மோனியம், தாளம் எல்லாம் சேர்த்து 12 முதல் 18 பேர் வரை இருப்பார்கள். வெற்றிலை பாக்கு மாற்றி அச்சாரம் கொடுத்தால் பேச்சு முடிந்தது. சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். சித்திரை, வைகாசியில் நல்ல ஜமாவுக்கு ஒரே இரவில் இரண்டு ஊரில் அழைப்பு இருக்கும். அப்போது ஜமாவை இரண்டாகப் பிரித்து, குறைகிற வேடத்துக்கு வெளி ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். வெளி ஆள் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் அவர் வேறு வாத்தியாரிடம் படித்தவர். அவருடைய தருவும் (ஆட்டப்பாட்டும்) தாளமும் வேறு. எதிர்வேடக்காரரோடு தர்க்கம் பேசும்போது பாட்டு ஒட்டாது. அதனால் அச்சாரம் கொடுக்கும்போதே துரியோதனன் யார், திரௌபதி யார், கோமாளியாக வரும் கட்டியக்காரன் யார், முகவீணை யார் என்று இந்த நான்கு பேரையாவது பெயர் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. வேறு எந்த நிபந்தனையும் இதற்கு ஈடாகாது.

பிரசங்கியாரையும் அப்போதே பேச வேண்டும். பிரசங்கம் மதியம் 1 அல்லது 2 மணிக்குத் தொடங்கி 5 மணி வாக்கில் முடியும். அவர் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிப்பார். பக்கப்பாட்டுக்கு ஒருவரும், ஆர்மோனியமும் ஜால்ராவும் இருப்பார்கள். இரவுக் கூத்தின் கதையைப் பிற்பகலில் பிரசங்கத்தில் தொட்டிருக்க வேண்டும் என்பது விதி. பிரசங்கியாரும் வாத்தியாரும் முதல் நாளே உட்கார்ந்து நாள்வாரியாகப் பிரித்துக்கொள்ளாவிட்டால், பகலில் சுபத்திரை கல்யாணம் ஓடிக்கொண்டிருக்க, இரவில் சூதாட்டமும் துகிலுரிதலுமான பகடைத்துகில் ஆடும் நிலை வந்துவிடும். பகலில் கேட்கும் கிழவிகள் இதைச் சும்மா விடமாட்டார்கள். அவர்களுக்குப் பாரதம் மனப்பாடம்.

காப்புக் கட்டிவிட்டால் ஊருக்கு ஒரு கட்டுப்பாடு வந்துவிடும். கல்யாணம் வைக்க மாட்டார்கள். வெளியூர் போனவர்கள் இரவு திரும்பிவிட வேண்டும் என்பது வழக்கம். கூத்து பெரும்பாலும் 8 முதல் 10 இரவு நடக்கும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், இராஜசூய யாகம், பகடைத்துகில், அர்ச்சுனன் தபசு, கீசகன் வதம், கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசை போகும். இரவுகளைக் குறைக்க வேண்டி வந்தால் முன்பாதியில் குறைப்பார்கள். துகிலையும் தபசையும் போர் நாட்களையும் எடுத்துவிட்டால் கடைசி நாள் நிற்க இடம் இருக்காது. துகில் இரவில் திரௌபதியின் கூந்தல் அவிழ்ந்தால்தான் படுகளத்தில் முடிய முடியும்.

களம் சின்னது. நான்கு பக்கமும் 20 அடி இருந்தால் போதும். மண் தரை, முந்தின நாளே தண்ணீர் தெளித்துக் கெட்டிப்படுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் அடவு போடும்போது எழும் புழுதி பாடுகிறவரின் தொண்டைக்குள் போகும். பின்னால் இசைக்காரர்கள், நடுவில் ஒரு பெஞ்சு, மூன்று பக்கமும் பாய் விரித்த ஜனம். அந்தப் பெஞ்சுதான் சிம்மாசனம், தேர், மலை எல்லாம். இரவு 10 மணிக்குக் களரி கட்டுவார்கள். மத்தளமும் டோலக்கும் முகவீணையும் சேர்ந்து வாசிக்கும் அந்தச் சத்தம்தான் ஊருக்கு அழைப்பு. சாப்பிட்டுக் கொண்டிருப்பவர்கள் கை கழுவிவிட்டுக் கிளம்புவார்கள். கடவுள் வாழ்த்து, பிறகு கட்டியக்காரன். இவன் கோமாளி மட்டும் அல்ல. ராஜாவின் வருகையைக் கட்டியம் கூறுவான். கதையின் முடிச்சைப் பேச்சுத் தமிழில் அவிழ்ப்பான். ஊர்ப் பெரியவரைக் கிண்டல் செய்வான். விடியற்காலை 3 மணிக்குத் தூங்கி விழும் கூட்டத்தை எழுப்பி உட்கார வைப்பான். கட்டியக்காரன் சரியில்லாத ஜமாவுக்கு நள்ளிரவுக்குப் பிறகு ஆட்டம் இல்லை.

அப்புறம் திரை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதன் மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் காலும் மட்டும் தெரியும். உள்ளே இருப்பவர் திரை விருத்தம் பாடுவார். மெல்ல மெல்ல முகம் காட்டி, திரை விலகியதும் தருவுக்கு அடவு போட்டு, கிறிக்கி என்னும் சுழலாட்டம் சுற்றுவார். ஒரு பெரிய வேடத்தின் பிரவேசத்துக்கு அரைமணி நேரம் ஆகலாம். "சீக்கிரம் கதைக்கு வாங்க" என்று விழாக்குழு சீட்டு அனுப்பும் இடமும் இதுதான். இங்கே கை வைப்பது பெரிய தவறு. வேடம் யார், என்ன குணம், என்ன கோபத்தோடு வந்திருக்கிறான் என்பதெல்லாம் அந்த அரைமணியில்தான் கூட்டத்துக்குள் இறங்குகிறது. அதை வெட்டினால் பிறகு வரும் தர்க்கம் வெறும் சத்தமாகக் கேட்கும்.

அந்த வேடத்தின் கனத்தையும் சொல்ல வேண்டும். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், காதுக்கட்டை எல்லாம் மரம். கட்டைக்கூத்து என்ற பெயரே அதில் இருந்து வந்தது. செதுக்க எளிதாகவும் கனம் குறைவாகவும் இருக்கும் கல்யாண முருங்கை போன்ற மரத்தில் செய்து, ஜிகினாத் தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டுவார்கள். முகத்துக்கு அரிதாரம், துரியோதனனுக்குச் சிவப்பு. இடுப்பில் பழைய சேலைகளைச் சுற்றிப் பருமன் கொடுத்து மேலே பாவாடை. முகம் எழுதி வேடம் கட்டி முடிக்க 2 மணி நேரத்துக்குக் குறையாது. கயிறு தளர்ந்தால் கிறிக்கி சுற்றும்போது புஜக்கட்டை தாடையில் இடிக்கும். இறுகினால் ஒரு மணி நேரத்தில் கை மரத்துப்போகும். வேடம் கட்ட ஊர் ஒதுக்கும் இடம் பெரும்பாலும் பள்ளிக்கூடத் திண்ணையோ ஒரு வீட்டு மாட்டுக் கொட்டகையோதான். நல்ல விளக்கு, ஒரு பெரிய கண்ணாடி, மின்விசிறி, குடிக்கத் தண்ணீர், பக்கத்தில் கழிப்பறை. இவ்வளவு செய்துகொடுத்தால் கூத்தின் தரம் ஒரு படி ஏறும். சீரியல் விளக்குக்குச் செலவழிக்கும் ஊர்கள் இதைச் செய்வதில்லை என்பது நமக்கு நெடுநாள் வருத்தம்.

துகில் இரவை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். பெண்வேடம் கட்டிய ஆண் நடிகர்தான் திரௌபதி. ஆனால் அன்றைக்கு அவர் நடிகர் இல்லை. துச்சாதனன் வேடக்காரர் துகிலைத் தொடும் முன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, "நான் வேடக்காரன், என் மேல் குற்றம் வைக்காதே தாயே" என்ற மாதிரி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பது பல ஜமாக்களில் வழக்கம். கூட்டத்தில் இருந்தும் தட்டுத் தட்டாகக் கற்பூரம் வரும். சேலை உருவ உருவ வந்துகொண்டே இருப்பதற்கு, ஒன்றின்மேல் ஒன்றாக முன்பே கட்டிவைத்திருக்க வேண்டும்; முடிச்சு ஒன்று சிக்கினாலும் அந்தக் கணம் போய்விடும். அன்று அவிழ்ந்த கூந்தலோடு திரௌபதி களத்தை விட்டுப் போகிறாள். ஊர் இன்னும் பல நாள் அந்தக் கூந்தலோடு காத்திருக்கும்.

விழாவின் உயிர் கூத்து களத்தை விட்டு வெளியேறும் நாட்களில் இருக்கிறது. பகாசுரன் வதத்தன்று பீமன் சோறும் பழமும் ஏற்றிய வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவான். வீட்டுக்கு வீடு எதையாவது கொண்டுவந்து போடுவார்கள். பீமன் வாயில் திணித்துக்கொண்டே போவான். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடும். விராட பருவத்து மாடுபிடிச் சண்டைக்கு ஊர் மாடுகளையே ஓட்டி வருவதும் உண்டு. அன்றைக்கு வெடி வைக்கக் கூடாது. மிரண்ட மாடு கூட்டத்துக்குள் புகுந்தால் கதை வேறாகிவிடும்.

தபசு மரம் எல்லாவற்றிலும் கவனம் கேட்கும் வேலை. சிவனிடம் பாசுபதம் வாங்க அர்ச்சுனன் தவம் செய்யப் போகிறான். கயிலைக்குப் பதிலாக ஒரு பனைமரம். 40 அடி இருக்கும். 60 அடிக்கு நட்ட ஊர்களும் உண்டு. முற்றிய, நேரான மரமாகத் தேர்ந்தெடுத்து வெட்டி, குறுக்குக் கட்டைகளைப் படியாகப் பொருத்தி, உச்சியில் ஆள் உட்காரும் அளவுக்குப் பலகை அமைப்பார்கள். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி நடுவார்கள். சில ஊர்களில் மாலையில், சில ஊர்களில் விடியும் முன்பு, விரதம் இருந்த அர்ச்சுனன் வேடக்காரர் படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியில் பூசை முடித்து எலுமிச்சம்பழம், வில்வம், பூ, விபூதி எல்லாம் கீழே வீசுவார். குழந்தை வேண்டும் பெண்கள் ஈரச்சேலையோடு மரத்தைச் சுற்றி மடியேந்தி இருப்பார்கள். மடியில் பழம் விழுந்தவளுக்கு அடுத்த பாரதத்துக்குள் தொட்டில் ஆடும் என்பது நம்பிக்கை.

இங்கே தவறு நடக்கும் இடங்கள் தெளிவானவை. குழியின் ஆழம் மரத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்; 40 அடி மரத்துக்கு 6 அல்லது 7 அடி. தபசுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நட்டு, கல்லும் மண்ணும் அடுக்கடுக்காகப் போட்டு இடித்துக் கெட்டிக்க வேண்டும். அன்று காலையில் அவசரமாக நட்ட மரம், கோடைமழை ஒன்று பெய்தால் ஆடும். உச்சியிலிருந்து மூன்று திசைக்காவது இழுகயிறு வேண்டும். அந்தக் கயிற்றில் கொடித்தோரணம் கட்டக் கூடாது. காற்றில் மொத்தத் தோரணமும் பாய்மரமாகி மரத்தை இழுக்கும். மரம் சாய்ந்தால் எட்டும் தூரத்துக்குள் மின்கம்பி இருக்கவே கூடாது. கோயில் வாசலில்தான் நட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக் கம்பிக்கு அடியில் நடுவதைவிட, தெருக்கோடியில் திறந்த இடத்தில் நடுவது மேல். அர்ச்சுனனுக்கு இடுப்புக்கயிறு கட்டச் சொன்னால் சில வாத்தியார்கள் மறுப்பார்கள். பாவாடைக்கு உள்ளே தெரியாமல் கட்ட வழி இருக்கிறது, பேசிப் பார்க்கலாம்.

படுகளத்துக்கு முந்தின இரவு பதினெட்டாம் போர். அதே இரவில் கோயில் மைதானத்தில் மண்ணால் துரியோதனன் உருவாகிக்கொண்டிருப்பான். 40 அடி நீளம் சாதாரணம். 100 அடி என்று பெருமை பேசும் ஊர்களும் இருக்கின்றன. டிராக்டரில் ஏரிமண் அடித்து, மல்லாந்து படுத்த உருவமாகக் குவித்து, தட்டி, முகத்தையும் மார்பையும் உயர்த்தி, சுண்ணாம்பும் காவியும் கரியும் கொண்டு எழுதுவார்கள். கண் திறந்திருக்கும். மீசை முறுக்கியிருக்கும். கையில் கதாயுதம். தொடைக்குள் குங்குமத் தண்ணீர் நிரப்பிய பானை ஒன்றைப் புதைத்து மேலே மெல்லிசாக மண் மூடியிருக்கும். மண்ணின் ஈரம்தான் இங்கே சூட்சுமம். சேறாக இருந்தால் மார்பு இரவோடு இரவாக அமுங்கிப்போகும். காய்ந்திருந்தால் காலை வெயிலில் முகம் வெடிக்கும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. மேலே மூடத் தார்ப்பாய் தயாராக இருக்க வேண்டும். கோடைமழை நேரம் சொல்லிவிட்டு வராது.

விடிந்ததும் பீமனும் துரியோதனனும் முழு வேடத்தோடு களத்தை விட்டுக் கிளம்புவார்கள். தெருவெல்லாம் துரத்தலும் ஒளிதலும் வசையும். இரவு முழுக்கப் பாடிய தொண்டையோடு, கட்டை வேடம் சுமந்து, அவர்கள் மண்ணுருவத்தின் மேல் ஏறி நிற்கும்போது வெயில் ஏறியிருக்கும். பீமனின் கதாயுதம் தொடையில் விழும். பானை உடைந்து சிவப்பு வழியும். அதைத் தொட்டுத் திரௌபதியின் கூந்தலில் தடவி, பூச் சூட்டி, முடிப்பார்கள். துகில் இரவில் இருந்து அவிழ்ந்துகிடந்த கூந்தல் அது. பெண்கள் குலவையிடுவதும் அழுவதும் அந்த நேரத்தில் ஒன்றாகவே கேட்கும். துரியோதனன் வேடக்காரர் அருள் வந்து சாய்வது அபூர்வம் அல்ல. அது அருளா, களைப்பா, வெயிலில் வந்த மயக்கமா என்று பார்க்கக் கூடவே இருவர் நிற்க வேண்டும்; கயிறுகளை அறுக்கக் கத்தியும், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். போர் இரவில் களரி கட்ட ஒரு மணி நேரம் தாமதித்தால், அந்த ஒரு மணி நேரத்தை மறுநாள் வெயிலில் நடிகரின் உடம்பு கொடுக்கிறது. ஆகவே அன்றைக்குச் சிறப்புரை, பொன்னாடை எதையும் இரவு 10 மணிக்கு மேல் இழுக்கக் கூடாது. கூட்டம் கலையும்போது சில ஊர்களில் பெண்கள் மண்ணுருவத்தில் இருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போவார்கள்.

தீமிதியைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய உண்டு. இரண்டு மூன்று செய்திகள் போதும். விறகு காலையிலேயே பற்றவைத்தால்தான் மாலையில் சுடர் அடங்கிக் கங்காகும். பழைய கட்டட மரத்தை விறகாகப் போடக் கூடாது. அதில் இருக்கும் ஆணி கங்குக்குள் கிடக்கும், பாதம் பொசுங்குவது அதில்தான். குழியின் கடைசியில் நெரிசல் இருந்தால் முன்னால் போனவர் நிற்பார், பின்னால் வருபவர் கங்கில் நிற்க வேண்டிவரும். விழுந்து காயப்படுவது பெரும்பாலும் இப்படித்தான். இறங்கும் பக்கத்தில் 20 அடியாவது ஆள் இல்லாத வெளி விட வேண்டும். கைக்குழந்தையோடு இறங்க விடவே கூடாது.

இந்த விழா கடல் கடந்தும் போயிருக்கிறது. இலங்கையில் உடப்பு திரௌபதி அம்மன் கோயிலில் ஆடி மாதம் 18 நாள் விழா நடந்து தீமிதியில் முடிகிறது. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் ஐப்பசித் தீமிதியும் திரௌபதி அம்மனுக்கானதே.

இனி, எது இதை நெருக்குகிறது என்று பார்ப்போம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்காலங்களில் வருடத்துக்கு 15 நாள்வரை, நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம், அவ்வளவுதான். கூத்தின் நேரமோ சரியாக அந்த 10 முதல் 6. எழுத்துப்படி பார்த்தால் ஒரு முழுஇரவுக் கூத்தை மைக் வைத்து நடத்த வழியில்லை. நடைமுறையில் காவல் நிலையத்தின் பெருந்தன்மையில் ஓடுகிறது. யாராவது புகார் கொடுத்தால் நின்றுவிடும். ஊர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. நாலு தெருவுக்கும் புனல் ஒலிபெருக்கி கட்டுவதை விட்டுவிட்டு, களத்துக்கு மேலே தொங்கும் இரண்டு மைக், கூட்டத்தைப் பார்த்த இரண்டு சிறிய பெட்டி என்று சுருக்கிக்கொள்வது. கூத்துக் குரல் மைக் வருவதற்கு முன்னால் உருவான குரல். உச்ச சுருதியில் பாடுவதும், பின்பாட்டு அதே வரியைத் திருப்பிப் பாடுவதும் கடைசி வரிசைக்குக் கேட்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடுதான். மைக்கை உயர்த்தினால் முகவீணை காதைக் கிழிக்கும்; எரிச்சல் வருவது அதனால்தான்.

இதைவிடப் பெரிய கேள்வி, ஊர் என்றால் யார் என்பது. தலைக்கட்டு வரி யாரிடம் வாங்கப்படுகிறதோ அவர்கள்தான் ஊர். பல இடங்களில் காலனிக்காரர்களிடம் வரியும் வாங்குவதில்லை, கோயிலுக்குள் விடுவதும் இல்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலில் 2023 விழாவின்போது தலித் மக்கள் நுழைவது தடுக்கப்பட்டு, ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில்தான், உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின், அன்றாடப் பூசைக்காகக் கதவு திறந்தது. சபையில் நீதி கேட்டு நின்ற ஒரு பெண்ணின் கோயில் அது. பிரசங்கத்தில் ஏகலைவனுக்காகவும் கர்ணனுக்காகவும் கண்கலங்குகிற ஊர், வரி நோட்டில் ஒரு தெருவையே விட்டுவிட்டு விழா எடுப்பதை எந்த மரபின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. எல்லாத் தெருவுக்கும் வரி, எல்லாத் தெருவுக்கும் உபயம், எல்லாத் தெருவுக்கும் அம்மன் வருவது என்று ஊர்க்கூட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய விஷயம் இது. தை மாதத்திலேயே பேச வேண்டும். கொடி ஏறிய பிறகு பேசினால் அடிதடியில் முடியும்.

ஆட வரும் கைகளும் குறைந்துகொண்டிருக்கின்றன. செய்யாறு பக்கம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை தலைமுறைகளாகக் கூத்தைக் கற்றுக்கொடுத்து வருகிறது. பிரான்ஸ் நாட்டு தியேத்ர் து சொலேய் குழு 2016-இல் மேடையேற்றிய நாடகத்தில் கூத்துக் காட்சிகள் இடம்பெற்றது அந்தப் பரம்பரையோடு ஏற்பட்ட தொடர்பால்தான். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002-இல் தொடங்கிய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப்படிப்போடு கூத்தும் படித்தார்கள். பெண்பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள். 2020-இல் அது மூடப்பட்டது. அந்த வருடமும் அடுத்த வருடமும் கொரோனா ஊரடங்கும் கட்டுப்பாடுகளும் கூத்துப் பருவத்தின் மேல் விழுந்தன. கூத்தாடிக்கு வருடத்தின் வருமானம் அந்த நான்கைந்து மாதத்தில்தான். கிரீடத்தைப் பரண்மேல் ஏற்றிவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை.

பட்டாபிஷேகம் முடிந்து காப்பு அவிழ்த்த பிறகும் வேலை இருக்கிறது. தபசு மரத்தை அதே வாரம் இறக்கிவிட வேண்டும். மழையில் நிற்க விட்டால் அடி இற்றுப்போகும், பிள்ளைகள் ஏறிப் பார்ப்பார்கள். குழியை மூட வேண்டும். பொரிக்கடையும் வளையல் கடையும் ராட்டினமும் போன பிறகு தெருவைப் பெருக்க வேண்டும். ஜமாவுக்கு மீதிப் பணத்தை அவர்கள் வண்டி ஏறும் முன்னே எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வரவும் செலவும் வரி வரியாகப் படிக்கப்படும். பூவுக்கு இவ்வளவா என்று ஒருவர் கேட்பார்; கூத்துக்கு இன்னும் ஓர் இரவு சேர்த்திருக்கலாம் என்று ஒரு கிழவி திண்ணையில் இருந்து சொல்வாள். மீதி இருக்கும் தொகையை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த பாரதத்துக்கு யார் அச்சாரம் கொடுக்கப் போவது என்று அங்கேயே பெயர் குறித்துக்கொள்வார்கள்.